இங்கிலாந்தில் ஹெம்ப்கிரீட் எக்ஸ்டென்ஷன்: தடிமனில் தொடங்குங்கள்

இங்கிலாந்தில் சொந்த வீட்டின் பின்புறத்தை நீட்டிக் கட்டப் போகிறீர்கள், அதை ஹெம்ப்கிரீட்டில் (கஞ்சா இனத்தைச் சேர்ந்த ஹெம்ப் செடியின் சில்லுகளைச் சுண்ணாம்போடு குழைத்த கலவையில்) செய்தால் என்ன என்று யோசிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். எங்கள் வீட்டுச் சமையலறையை அப்படித்தான் நீட்டினோம். சுவர் எழுப்பியதைவிட, அதற்கு முன் யாரிடம் எந்தத் தாளைக் கேட்பது என்று அலைந்ததுதான் பெரிய வேலை. அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

பெயர் கேட்டதும் எல்லோரும் சிரிப்பார்கள். "கஞ்சா வீடா?" என்பார்கள். சிரித்து முடிக்கட்டும். கட்டடத்துக்கு வருவது ஹெம்ப் செடியின் தண்டுக்குள் இருக்கும் மரச்சத்துள்ள பகுதி, சிறு சில்லுகளாக நறுக்கியது. அதை ஷிவ் என்று சொல்வார்கள். 1971ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் 'கேனபிஸ்' என்பதை வரையறுக்கும்போதே முதிர்ந்த தண்டையும் அதிலிருந்து எடுக்கும் நாரையும் விதையையும் விலக்கிவிடுகிறது. ஆகவே ஷிவ் வாங்க உங்களுக்கு எந்த லைசென்சும் வேண்டாம். செடியை வளர்க்கத்தான் ஹோம் ஆபீஸ் லைசென்ஸ் வேண்டும். அது விவசாயியின் கவலை. 'கொல்லையில் நாலு செடி போட்டு நானே அறுத்துக்கொள்கிறேன்' என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கீழே உள்ள விதிகள் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

1. வரைபடத்துக்கு முன் தடிமன்

ஆர்க்கிடெக்ட்டிடம் போவதற்கு முன்பே சுவரின் தடிமனை முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் இதில்தான் தொங்குகிறது.

எக்ஸ்டென்ஷனின் புதுச் சுவருக்கு பில்டிங் ரெகுலேஷன்ஸ் 'பார்ட் எல்' கேட்கும் யூ-மதிப்பு 0.18. அதாவது வெப்பம் அதற்கு மேல் கசியக் கூடாது. ஹெம்ப்கிரீட்டின் வெப்பக் கடத்தல் எண், கலவையையும் அடர்த்தியையும் பொறுத்துப் பொதுவாக 0.06க்கும் 0.07க்கும் இடையில் வரும். கணக்குப் போட்டால் 0.06க்குச் சுமார் 32.5 செ.மீ. தடிமன் போதும், 0.07க்குச் சுமார் 38 செ.மீ. வேண்டும். உள்ளே இருக்கும் மரச்சட்டம் கொஞ்சம் வெப்பத்தைக் கடத்தும் என்பதால் அதற்கும் சேர்த்து ஒன்றிரண்டு செ.மீ. கூடும். உள்ளும் புறமும் சுண்ணாம்புப் பூச்சு தனி.

ஆக, பூச்சோடு சேர்த்து 40 செ.மீ. என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கமும் 40 செ.மீ. சுவர் வந்தால் அறை எவ்வளவு சுருங்கும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் மேலே போகலாம்.

சப்ளையரிடம் வாயால் சொல்லும் எண்ணை வாங்காதீர்கள். 'இந்த பைண்டர் (ஷிவ்வை ஒட்டவைக்கும் சுண்ணாம்புத் தூள்), இந்த ஷிவ், இந்த அடர்த்தி, இந்தக் கடத்தல் எண்' என்று எழுதிய சோதனை அறிக்கையைக் கேளுங்கள். கூரைக் கலவையின் எண்ணைக் காட்டிச் சுவருக்குக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. கூரைக்குப் போடுவது லேசான கலவை, அதன் எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

2. எந்த வகை: ஊற்றுவதா, பிளாக்கா, பேனலா

இடத்திலேயே குழைத்து ஊற்றுவது, ஆலையில் செய்து உலர்த்திய பிளாக், முன்பே செய்துவரும் பேனல் என மூன்று வழி.

பேனல் வேகமானது. கேம்பிரிட்ஜ்ஷரில் மார்ஜென்ட் ஃபார்ம் பண்ணையில் உள்ள 'ஃபிளாட் ஹவுஸ்' அப்படி எழுந்ததுதான். ஆனால் உங்கள் வீடு டெரஸ் வரிசையில் நடுவில் இருந்தால், பேனல் எந்த வழியாகப் பின்கட்டுக்குப் போகும் என்று யோசித்தாலே அந்தக் கதை முடிந்துவிடும். பிளாக் காய்ந்தே வருவதால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். விலை அதிகம், ஐரோப்பாவிலிருந்து வந்தால் வண்டிக்கூலியும் சேரும். ஊற்றுவதில் பொருள் செலவு குறைவு, ஆள் வேலை அதிகம், காயும் காலம் நீளம். வார இறுதியில் மாமா, மச்சான், நண்பர்கள் என்று நாலு பேர் வருவார்கள் என்றால் ஊற்றுவதே லாபம். இந்தக் கட்டுரை ஊற்றுவதைப் பற்றியது.

எதை எடுத்தாலும் ஒன்று பொது: ஹெம்ப்கிரீட் பாரம் தாங்காது. கூரையைத் தாங்குவது மரச்சட்டம், ஹெம்ப்கிரீட் அதைச் சுற்றி நிற்கும் உடம்பு. மரச்சட்டத்துக்கு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரின் கணக்கு கட்டாயம் வேண்டும்.

3. கவுன்சில் அனுமதி

இங்கேதான் தடிமன் முதல் அடி போடும்.

பிளானிங் அனுமதி கேட்காமலே கட்டும் உரிமையை 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்' என்பார்கள். அதன்படி ஒட்டு வீடுகளுக்கு (செமி, டெரஸ்) ஒருமாடி எக்ஸ்டென்ஷன் பின்புறம் 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர் வரை போகலாம். அந்த 3 மீட்டர் வெளிப்புறச் சுவரிலிருந்து வெளிப்புறச் சுவர் வரை அளப்பது. பின்சுவர் 40 செ.மீ. என்றால் உள்ளே உங்களுக்குக் கிடைப்பது 2.6 மீட்டர்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. 'பிரையர் அப்ரூவல்' என்ற விண்ணப்பத்தில் ஒட்டு வீடுகள் 6 மீட்டர் வரையும் தனி வீடுகள் 8 மீட்டர் வரையும் கேட்கலாம். கவுன்சில் அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் அனுப்பும். 42 நாளில் பதில் வர வேண்டும். 3.4 மீட்டர் மட்டும் கேளுங்கள். சுவருக்காகப் போன இடம் திரும்பக் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரரும் பெரிதாக எதிர்க்க மாட்டார்.

பலர் கவனிக்காத பொறி அடுத்தது. அனுமதியில்லாமல் கட்டும் இந்த இரண்டு வகையிலும், வெளிப்புறப் பொருள் பழைய வீட்டின் வெளிப்புறத்தைப் போலவே தோன்ற வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. உங்கள் வீடு சிவப்புச் செங்கல், புதுச் சுவர் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த நிபந்தனை இடிக்கும். வீடு முன்பே பூச்சு பூசியது என்றால் பிரச்சினை இல்லை. செங்கல் வீடு என்றால், வெளியே காற்றிடைவெளி விட்டு ஒரு செங்கல் தோல் எழுப்பலாம், ஆனால் சுவர் இன்னும் தடிக்கும். அல்லது முழு ஹவுஸ்ஹோல்டர் பிளானிங் விண்ணப்பம் போடலாம். என்னைக் கேட்டால் செங்கல் வீட்டுக்காரர்கள் நேராக முழு விண்ணப்பத்துக்கே போய்விடுங்கள். பூச்சின் நிறத்தையும் வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

கட்டணம்: ஹவுஸ்ஹோல்டர் விண்ணப்பம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக ஏறியது. பிரையர் அப்ரூவல் 240 ஆனது. இனி ஆண்டுதோறும் ஏப்ரலில் விலைவாசியோடு சேர்ந்து ஏறும். ஆன்லைனில் போட்டால் போர்ட்டலின் சேவைக் கட்டணம் தனி. முழு விண்ணப்பத்துக்கு 8 வாரம் என்று கணக்கு. கவுன்சில் கூடுதல் அவகாசம் கேட்டுக் கடிதம் போடுவது சகஜம், அதற்கும் இடம் விடுங்கள்.

அனுமதி தேவையில்லாத வேலை என்றாலும் 'லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்' வாங்கிவிடுங்கள். கட்டணம் முழு விண்ணப்பத்தில் பாதி. பின்னால் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்கும் முதல் தாள் அதுதான். வழக்கமில்லாத பொருளில் கட்டிய வீட்டுக்கு இரண்டு மடங்கு கேள்வி வரும்.

ஃபிளாட், மேசனெட் என்றால் பெர்மிட்டட் டெவலப்மென்ட் உரிமையே கிடையாது. கன்சர்வேஷன் ஏரியாவில் இருந்தால் முதலில் கவுன்சிலிடம் எழுதிக் கேளுங்கள்.

4. பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸ்

இங்கே பேசுவது 1996ஆம் ஆண்டு பார்ட்டி வால் (இரு வீட்டுக்கும் பொதுவான சுவர்) சட்டம். எல்லைக் கோட்டில் புதுச் சுவர் எழுப்பினாலும், பக்கத்து வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள் அவர்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினாலும் ஒரு மாத நோட்டீஸ். பொதுச் சுவரிலேயே கை வைத்தால் இரண்டு மாதம். பதில் சொல்ல அவர்களுக்கு 14 நாள் இருக்கிறது. தோண்டும் வேலைக்கும் பொதுச் சுவர் வேலைக்கும் பதில் வராவிட்டால் மறுப்பு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு சர்வேயர், பெரும்பாலும் இரண்டு பக்கச் செலவும் உங்கள் தலையில்.

ஆகவே நோட்டீஸைத் தபாலில் போடுவதற்கு முன் நேரில் போய்ப் பேசுங்கள். ஹெம்ப் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்களுக்கு வரும் இரண்டு சந்தேகம்: வாடை வருமா, தீப்பிடிக்குமா. ஒரு பை ஷிவ்வும் காய்ந்த ஒரு துண்டுக் கட்டியும் கொண்டுபோனால் பேச்சு சீக்கிரம் முடியும். அந்தக் கட்டியை அவர்கள் கையில் கொடுங்கள். வைக்கோல் நிறச் சில்லுகள் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டு, பார்க்கும் அளவுக்குக் கனமே இல்லாமல் இருக்கும். ஒரு லைட்டரையும் கூடக் கொடுங்கள். மேலே கருகும், அவ்வளவுதான்.

இதில் ஹெம்ப்கிரீட்டுக்கே உரிய ஒரு சிக்கல்: சுவரை எல்லைக் கோட்டை ஒட்டி வைத்தால் ஷட்டரிங் பலகை கட்டவும், பின்னால் பூச்சு பூசவும் அவர்கள் தோட்டத்தில் நின்றாக வேண்டும். நுழையும் உரிமையைச் சட்டம் தருகிறது. ஆனால் பூச்சு பல தடவையாக, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு நடக்கும். 'ஒரு நாள் வேலை' என்று சொல்லிவிடாதீர்கள். சின்னதாக ஒரு சந்து விட முடிந்தால் விடுங்கள்.

எல்லையிலிருந்து ஒரு மீட்டருக்குள் சுவர் வந்தால் தீ விதியும் கடுமையாகும். 30 நிமிடம் தீ தாங்க வேண்டும், வெளிப்பரப்பு 'பி-எஸ்3, டி2' வகைப்பாட்டையோ அதற்கு மேலானதையோ எட்ட வேண்டும். ஹெம்ப்கிரீட்டுக்கு இது கடினமல்ல, தாள் இருந்தால். பூச்சோடு சேர்த்துச் சோதித்த அறிக்கையா, வெறும் கட்டியைச் சோதித்ததா என்று பாருங்கள். உங்கள் சுவர் எப்படியோ அப்படியே சோதித்த அறிக்கைதான் செல்லும்.

சாக்கடைக் குழாயையும் மறக்காதீர்கள். பொதுக் கழிவுநீர்க் குழாயிலிருந்து 3 மீட்டருக்குள் கட்டினால் உங்கள் பகுதித் தண்ணீர் கம்பெனியின் 'பில்ட் ஓவர்' ஒப்புதல் வேண்டும். அதைத் தோண்டுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

5. பில்டிங் கன்ட்ரோல்

வேலை கட்டட விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பதுதான் பில்டிங் கன்ட்ரோல். இதற்கு இரண்டு வழி. 'பில்டிங் நோட்டீஸ்' என்றால் ஒரு படிவம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். 'ஃபுல் பிளான்ஸ்' என்றால் வரைபடம், கணக்கு எல்லாம் முன்கூட்டியே கொடுத்து, 5 வாரத்தில், இருவரும் ஒத்துக்கொண்டால் அதைவிடக் கூடுதல் காலத்தில், எழுத்தில் ஒப்புதல் வாங்கலாம். சாதாரணச் செங்கல் வேலைக்குப் பலர் நோட்டீஸ் வழியில் போவார்கள். பில்டரும் அதைத்தான் சொல்வார். ஹெம்ப்கிரீட்டுக்கு அது வேண்டாம். இன்ஸ்பெக்டர் முதல்முறையாக அந்தச் சுவரை உங்கள் தோட்டத்தில் நின்றுகொண்டு பார்க்கும் நிலையை உண்டாக்காதீர்கள். ஒப்புதல் தாள் கையில் இருக்கும்போது பேச்சே வேறு.

கோப்பில் என்னென்ன போக வேண்டும் என்பதுதான் முக்கியம். சோதனை அறிக்கைகள் (வெப்பம், தீ), யூ-மதிப்புக் கணக்கு, சுவரில் ஈரம் தேங்காது என்று காட்டும் கணக்கு, எஞ்சினியரின் மரச்சட்டக் கணக்கு, அடித்தளம்–சுவர்–கூரை சேரும் இடங்களின் பெரிதாக்கிய வரைபடம். பைண்டர் சப்ளையர்கள் வரைபட மாதிரிகளை இலவசமாகவே தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

"இதற்கு பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் எங்கே?" என்று கேட்டால் வாயடைத்துப் போகாதீர்கள். பொருளின் தகுதியைக் காட்ட ரெகுலேஷன் 7க்கான வழிகாட்டி பல வழிகளை ஏற்கிறது. தனிச் சான்றிதழ், சோதனை, கணக்கு, இதுவரை பயன்படுத்திய அனுபவம் எல்லாமே அதில் உண்டு. அனுபவம் என்ற தலைப்பின் கீழ் இந்த நாட்டிலேயே நிற்கும் கட்டடங்களைப் பட்டியலிடுங்கள்: சஃபோக்கில் ஹேவர்ஹில் ஊரில் 2001 வாக்கில் கட்டிய வாடகை வீடுகள், சவுத்வோல்டில் ஆட்னம்ஸ் மதுபான ஆலையின் கிடங்கு, வாட்ஃபோர்டில் கட்டட ஆய்வு நிலைய வளாகத்தில் 2009இல் எழுந்த 'ரினியூவபிள் ஹவுஸ்'. கால் நூற்றாண்டு மழையில் நிற்கும் வீட்டைப் பற்றிச் சொன்னால் இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கும்.

கண்ணாடிக் கணக்கு ஒன்று இருக்கிறது. எக்ஸ்டென்ஷனின் ஜன்னல், கதவு, கூரைக்கண்ணாடி எல்லாம் சேர்ந்து அதன் தரைப்பரப்பில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதோடு, எக்ஸ்டென்ஷனால் மூடிப்போகும் பழைய கதவு ஜன்னலின் பரப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். 15 சதுர மீட்டர் அறைக்கு 3.75. மூடிப்போன பழைய கதவும் ஜன்னலும் 3 என்றால் மொத்தம் 6.75. மூன்று மீட்டர் அகல மடிப்புக் கதவு ஒன்றே 6.3 தின்றுவிடும். கூரைக்கண்ணாடிக்கு மிச்சம் அரை சதுர மீட்டர்கூட இல்லை. தாண்டினால் வேறு இடத்தில் ஈடுகட்டும் கணக்குக் காட்ட வேண்டும், அது சுவரை இன்னும் தடிக்க வைப்பதில் போய் முடியலாம்.

வேலை தொடங்குவதற்குக் குறைந்தது 2 நாள் முன்பு எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். பில்டர் கொடுத்திருப்பார் என்று நம்பி இருக்காதீர்கள்.

6. இன்ஷூரன்ஸ், மார்ட்கேஜ்

தோண்டுவதற்கு முன் இரண்டு பேருக்கும் எழுதுங்கள். போனில் பேசினால், எதிர்முனையில் இருப்பவர் கம்ப்யூட்டர் பட்டியலில் ஹெம்ப்கிரீட்டைத் தேடுவார், அது இருக்காது. எங்களுக்கு ஒரு கம்பெனி 'வைக்கோல் வீடு' என்று பதிந்து பிரீமியத்தை ஏற்றப் பார்த்தது. 'மரச்சட்டம், கனிம பைண்டர் கொண்ட நிரப்புச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு' என்று எழுதி, தீ அறிக்கையை இணைத்து, அண்டர்ரைட்டருக்கு (ஆபத்தைக் கணித்து முடிவெடுப்பவருக்கு) அனுப்பச் சொல்லுங்கள். பதில் ஈமெயிலில் வரட்டும்.

7. பொருளும் பணமும்

ஒரு மாதிரிக் கணக்கு. 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீட்சி, 2.5 மீட்டர் உயரம். பெரிய கதவைக் கழித்தால் சுவர்ப் பரப்பு சுமார் 21 சதுர மீட்டர். 35 செ.மீ. தடிமனுக்கு 7.4 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஷிவ் சுமார் 110 கிலோ, பைண்டர் சுமார் 220 கிலோ என்று வைத்தால் ஷிவ் 800 கிலோ, பைண்டர் 1,600 கிலோ. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள். ஷிவ் 20 கிலோ மூட்டை என்றால் நாற்பத்தைந்து மூட்டை வரும். எடை கொஞ்சம்தான், இடம்தான் அடைக்கும். முன்வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி, தரையிலிருந்து தூக்கி வைக்க இடம் பாருங்கள். மழை பட்ட மூட்டை குப்பைக்குத்தான்.

விலையை மூட்டைக் கணக்கில் ஒப்பிடாதீர்கள். ஒரு பைண்டர் மூட்டை மலிவாக இருக்கும், ஆனால் கன மீட்டருக்கு அதிகம் தின்னும். 'நிரப்பி முடித்த ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு, டெலிவரியோடு, வாட் சேர்த்து' என்று ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேளுங்கள். டெலிவரி 'கர்ப்சைட்' என்றால் தெருவோரம் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பின்கட்டுக்குச் சுமப்பது உங்கள் பாடு.

எக்ஸ்டென்ஷனுக்கு வாட் 20 சதவீதம். புதிதாகத் தனி வீடே கட்டுகிறீர்கள் என்றால் கதை வேறு. வாட் பூஜ்யம், நீங்களே வாங்கிய பொருளுக்குக் கட்டிய வாட்டை 'டிஐஒய் ஹவுஸ்பில்டர்ஸ்' திட்டத்தில் திரும்பக் கேட்கலாம். கட்டி முடித்த 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

பணம் எகிறும் இடம் ஹெம்ப் அல்ல. எங்கள் செலவுத்தாளில் பெரிய வரிகள் அஸ்திவாரம், கூரை, மடிப்புக் கதவு, சர்வேயர்தான். ஹெம்ப்கிரீட் லேசானது, ஆகவே அஸ்திவாரம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். லண்டன் களிமண்ணில், அதுவும் பக்கத்தில் மரம் இருந்தால், ஆழத்தை முடிவு செய்வது மண்ணும் மரமும்தான். ஒரு மீட்டருக்குக் கீழே போகத் தயாராக இருங்கள்.

சாதாரண பில்டருக்குத் தெரியாத வேலை என்றால் அவர் பயத்துக்கும் சேர்த்து விலை சொல்வார். வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: அஸ்திவாரம், மரச்சட்டம், கூரை அவருக்கு, ஹெம்ப் ஊற்றுவது உங்களுக்கோ அனுபவமுள்ள குழுவுக்கோ. பிரித்த கோடு எங்கே என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

8. எந்த மாதம்

ஊற்றிப் பூசி முடிக்கும் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. 5 டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு வேலை ஆகாது. ஊற்றிய சுவர் பூச்சுக்குத் தயாராக நல்ல வெயில் காலத்தில் 6 முதல் 8 வாரம், தடித்த சுவருக்கு அதற்கும் மேல். வெளிப்பூச்சு பனி விழுவதற்குள் இறுக வேண்டும்.

பின்னோக்கி எண்ணுங்கள். செப்டம்பரில் வெளிப்பூச்சு என்றால் ஜூன் நடுவுக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். அதற்கு ஏப்ரலில் அஸ்திவாரம், மே மாதம் மரச்சட்டமும் கூரையும். அதற்கு முன் பில்டிங் கன்ட்ரோல், பார்ட்டி வால், பிளானிங். ஆக, முந்தைய அக்டோபரில் கவுன்சில் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஜனவரியில் ஆசை வந்தால் அடுத்த ஆண்டுக் கோடைக்குத் திட்டமிடுங்கள், இந்த ஆண்டை விட்டுவிடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் அவசரமாக ஊற்றிவிட்டு டிசம்பரில் ஈரச் சுவரோடு உட்கார்ந்திருப்பவர்களை நான் அறிவேன்.

9. ஊற்றுமுன் சுவருக்குள் வைக்க வேண்டியவை

ஹெம்ப்கிரீட்டில் ஸ்க்ரூ பிடிக்காது. எதை மாட்டுவதாக இருந்தாலும் அதற்குப் பின்னால் மரக்கட்டை முன்பே இருக்க வேண்டும். நம் வீட்டுச் சமையலறை என்றால் பட்டியலை வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள்: மேல் அலமாரிகள், கிரைண்டர் வைக்கும் தட்டு, அரிசி மூட்டை ஏறும் அடுக்கு, டிவி, ரேடியேட்டர், சுவாமி மாடம். எழுதிய இடத்தில் குறுக்குக் கட்டை அடித்து, மூடுவதற்கு முன் டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். அந்தப் போட்டோ இல்லாமல் பிறகு எந்த ஆணியும் அடிக்க முடியாது.

வயர்கள் கான்ட்யூட் குழாய்க்குள் போகட்டும். ஸ்க்ரூவும் ஆணியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், ஈரச் சுண்ணாம்பு சாதாரண இரும்பை அரித்துவிடும். செப்புத் தண்ணீர்க் குழாயை உறை போடாமல் சுவருக்குள் புதைக்காதீர்கள்.

சுவர் 'மூச்சு விடும்' என்பதால் எக்ஸாஸ்ட் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடுப்புக்கு மேல் ஹூட் என்றால் நொடிக்கு 30 லிட்டர், வேறு இடத்தில் ஃபேன் என்றால் 60 லிட்டர் இழுக்க வேண்டும் என்பது விதி. தாளிப்புப் புகை விதியைவிடக் கொஞ்சம் கூடவே கேட்கும். ஹூட்டின் குழாய் போகும் ஓட்டையையும் இப்போதே சுவரில் வைத்துவிடுங்கள்.

கீழே செங்கல் அல்லது பிளாக் பீடம் வேண்டும். ஈரத்தடுப்பு அடுக்கு தரைமட்டத்திலிருந்து குறைந்தது 15 செ.மீ. மேலே. மழைத் தெறிப்பை நினைத்து 20, 25 வைத்தால் நல்லது.

10. குழைத்து ஊற்றுதல்

மிக்சர் வாடகைக்கு எடுக்கும்போது பேன் மிக்சர் (வட்டத் தொட்டிக்குள் துடுப்புகள் சுழல்வது) கேளுங்கள். சிமென்ட் கலக்கும் உருளை டிரம்மில் ஷிவ் உருண்டை உருண்டையாகச் சுற்றும். தண்ணீர் முதலா, பைண்டர் முதலா என்பது பைண்டருக்குப் பைண்டர் மாறும், மூட்டையில் எழுதியபடி செய்யுங்கள்.

பதம் புட்டு மாவுப் பதம். கையில் அள்ளிப் பிடித்தால் நிற்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால் அதிகம். ஒவ்வொரு கூடுதல் வாளித் தண்ணீரும் காய்வதற்கான நாட்களைக் கூட்டும்.

ஷட்டரிங்குக்கு 18 மி.மீ. பிளைவுட் அல்லது ஓஎஸ்பி பலகை. இரண்டு பக்கப் பலகைக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை ஒரே நீளத்தில் வெட்டி வைத்து, நீள ஸ்க்ரூவால் முடுக்குங்கள். சுவர் நேராக வருவது அந்தக் குழாய்த் துண்டுகளின் புண்ணியம். 60 செ.மீ. உயரத்துக்கு ஒரு பலகை, அது நிரம்பியதும் அடுத்தது.

கலவையைத் தளர்வாகப் போட்டு, பலகை ஓரத்திலும் கட்டையைச் சுற்றியும் மட்டும் கட்டையால் லேசாகத் தட்டுங்கள். புதிதாக வரும் உதவியாளர்கள் ஆர்வத்தில் இடித்துத் தள்ளுவார்கள். இடித்தால் அடர்த்தி ஏறும், பொருள் தீரும், குளிர் உள்ளே வரும். நீங்கள் கணக்குக் கொடுத்த 0.06 போயே போய்விடும். இதற்கு நேர் எதிரான சிக்கல் குறுக்குக் கட்டைகளின் அடிவயிற்றில். அங்கே கை போகாமல் பொந்து விழும். கையுறை போட்ட கையாலேயே உள்ளே திணியுங்கள்.

சுண்ணாம்பு கண்ணைப் பறிக்கும். கண்ணாடி, கையுறை, தூசு மாஸ்க் இல்லாமல் யாரையும் மிக்சர் பக்கம் விடாதீர்கள். குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். கண் கழுவும் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பலகையைப் பெரும்பாலான பைண்டர்களுக்கு மறுநாளே கழற்றலாம். விட்டுவைத்தால் சுவர் அவிந்துபோகும். கழற்றியதும் தொட்டால் ஓரம் உதிரும், பயப்படாதீர்கள். பொந்து தெரிந்த இடத்தை அன்றே ஈரக் கலவையால் அடையுங்கள்.

11. காய்தலும் பூச்சும்

இந்தக் கட்டத்தில்தான் பொறுமை போகும். கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, ஏன் பூசக் கூடாது என்று தோன்றும். ஈரம் போகாமல் பூசினால் ஷிவ்வின் பழுப்புச் சாறு பூச்சுக்குள் ஊறி, தேநீர்க் கறையாக வெளியே வரும். வெள்ளையடித்தாலும் மறுபடி எட்டிப் பார்க்கும்.

இரண்டு பக்கமும் காற்றோட்டம், மழைச்சாரலுக்கு வெளியே வலை. ஹீட்டரை வைத்துச் சுடவைக்காதீர்கள், மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். ஈரமான இடம் கருத்தும் தொட்டால் சில்லென்றும் இருக்கும், காய்ந்த இடம் வெளிறிவிடும். மேலே வெளிறியதை நம்பாமல், ஒரு மூலையில் நடுச்சுவர் வரை துளைபோட்டு வரும் தூளைக் கையில் தேய்த்துப் பாருங்கள்.

பூச்சு சுண்ணாம்பு மட்டும். சிமென்ட் பூச்சு, வினைல் எமல்ஷன், பிளாஸ்டிக் கலந்த வெளிப்புறப் பெயின்ட் எதுவும் வேண்டாம். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். சுண்ணாம்படிப்போ சிலிகேட் பெயின்டோ களிமண் பெயின்டோ அடிக்கலாம். பெயின்டரிடம் சொல்வதோடு நில்லாமல் டின்னை நீங்களே வாங்கிக் கொடுங்கள். உள்பூச்சு விடுபடாமல் தரை முதல் கூரை வரை போகட்டும், அலமாரிக்குப் பின்னாலும். காற்றுக் கசிவை அடைப்பது அந்தப் பூச்சுதான். ஓடு ஒட்டுவதைத் தொட்டிக்கும் அடுப்புக்கும் பின்னால் ஒரு பட்டையோடு நிறுத்துங்கள்.

முதல் குளிர்காலத்தில் மரமும் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் வரலாம். வசந்தத்தில் சுண்ணாம்புக் குழம்பால் தடவினால் போதும்.

12. கடைசித் தாள்கள்

பில்டிங் கன்ட்ரோல் 'கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்' தானாக வீட்டுக்கு வராது. கடைசிப் பரிசோதனைக்கு நீங்கள்தான் கூப்பிட வேண்டும். எலெக்ட்ரிக் சான்றிதழ், எக்ஸாஸ்டின் காற்றளவுத் தாள் இரண்டையும் அன்றைக்கே கையில் வைத்திருங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் நிற்கும், பில்டருக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை அதுவரை கொடுக்காதீர்கள். சான்றிதழ் வந்ததும் ஒரு நகல் இன்ஷூரன்ஸுக்கு, ஒரு நகல் மார்ட்கேஜ் கொடுத்தவருக்கு. மூலத்தையும் சோதனை அறிக்கைகளையும் சுவர் மூடுமுன் எடுத்த போட்டோக்களையும் ஒரே உறையில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.